68 வயதில் மூளை புதிதாக எதையும் பழகுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்கு 68 வயது. கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து சுடோகு போடுவார். ஆறேழு மாதமாகத் தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று வாய்க்கு வருவதில்லை. உங்கள் அண்ணன் மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டி அவர் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதனால் பலன் உண்டா, இந்த வயதில் மூளை மாறுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், உங்கள் அப்பாயி கடைசி ஐந்து வருடம் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க வந்தது அதுதான் என்று படுகிறது. அப்பாவும் அப்படி ஆகிவிடுவாரா, நாம் ஏதாவது செய்து தடுக்க முடியுமா?

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களோடு 22 வருடமாக வேலை செய்கிறேன். மறதிநோய் இருக்கிறதா இல்லையா என்று கண்டறிவது என் வேலை இல்லை, அது நரம்பியல் மருத்துவரின் வேலை. உங்கள் அப்பாவைப் பார்க்காமல் அவருக்கு என்ன என்று யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் வயதான மூளை ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்வதை மிக அருகில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

மாறுமா என்ற கேள்விக்குப் பதில் சந்தேகமே இல்லாமல் ஆம். இது ஒரு காலத்தில் இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய விஷயமாக இல்லை. நரம்பணுக்களை வரைந்தே நோபல் பரிசு வாங்கிய ஸ்பெயின்காரர் சந்தியாகோ ரமோன் இ காஹல், 1913-14இல் வெளியிட்ட நூலில், வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்து போனவை, அங்கே எல்லாம் சாகலாம், எதுவும் புதிதாக முளைக்காது என்று எழுதினார். கூடவே, இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்ற முடிந்தால் வருங்கால அறிவியல் மாற்றட்டும் என்றும் எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் பல பத்தாண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்று தெரிந்தது என்னவென்றால், நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் கடைசி வரை மாறிக்கொண்டே இருக்கின்றன. அடிக்கடி சேர்ந்து வேலை செய்யும் இணைப்பு பலப்படும், பயன்படாதது மெலியும். புது நரம்பணுக்களே பிறக்கின்றனவா என்பது வேறு கேள்வி, அதில் இன்னும் சண்டை ஓயவில்லை. பெரியவர்களின் மூளையிலும் பிறக்கின்றன என்று 1998இல் ஒரு ஆய்வு சொன்னது. 2018இல் ஒரே வருடத்தில் ஒரு குழு இல்லை என்றது, இன்னொரு குழு உண்டு என்றது. அதனால் 'தினமும் இதைச் செய்தால் புது மூளைச் செல் முளைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். இணைப்பு மாறுவதே நமக்குப் போதும்.

எப்படி மாறும் என்று ஒரு பாட்டியை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 71. பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. தோள் கொஞ்சம் அசையும், விரல்கள் சுருண்டு கிடக்கும். எங்களிடம் குச்சிகளைத் துளையில் செருகுவது, பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்குவது என்று பயிற்சிச் சாமான்கள் இருக்கின்றன. இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள், "ஏம்ப்பா, இதெல்லாம் பால்வாடிப் பிள்ளை விளையாடுறது" என்று தள்ளி வைத்துவிட்டார். வேறு என்ன செய்ய ஆசை என்று கேட்டேன். வாசலில் மருமகள் போடும் கோலம் கோணலாக இருக்கிறதாம், அதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

மறுநாள் ஒரு தாம்பாளத்தில் கோலப்பொடி கொண்டு வந்தோம். பொடியை எடுக்க விரல் மடங்கியது, ஆனால் விட வரவில்லை. கோலம் போடுகிறவர்களுக்குத் தெரியும், கஷ்டம் எடுப்பதில் இல்லை, விடுவதில்தான். கட்டைவிரல் ஆள்காட்டி விரலை மெதுவாக உரசிக்கொண்டே போக வேண்டும், கை நகரும் வேகமும் பொடி விழும் வேகமும் ஒத்துப்போனால்தான் இழை சீராக வரும். அவருக்கு மொத்தமாகக் கொட்டியது, இல்லையென்றால் விரலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. முதல் இரண்டு வாரம் வெறும் புள்ளி. அதுவும் புள்ளியாக இல்லை, சின்னச் சின்ன மேடு. இடது கைக்கு உறை மாட்டி விட்டோம், இல்லாவிட்டால் அது உதவிக்கு வந்துவிடும். ஒரு வேளைக்கு நூறு, நூற்றைம்பது புள்ளி. ஒரு மாதம் கழித்து ஒரு கோடு வந்தது, நடுவில் இரண்டு இடத்தில் அறுந்த கோடு. நான்காவது மாதம் மேசை மேல் ஐந்து புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டார். ஒரு வளைவு புள்ளியைச் சுற்றாமல் வெட்டிக்கொண்டு போனது. நான் கவனிக்கவில்லை, அவர்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்துப் போட்டார்.

அந்த நான்கு மாதத்தில் நடந்தது கைக்கான சிகிச்சை மட்டும் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாகவே கொஞ்சம் மீட்சி வரும், அதன் பங்கும் இதில் இருக்கிறது, எல்லாம் எங்கள் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூளை எதற்கு மசியும் என்பது இதில் தெரிகிறது. செய்கிற காரியம் அவருக்குப் பெரியதாக இருக்க வேண்டும். தப்பும் அளவுக்குக் கஷ்டமாக இருக்க வேண்டும். தப்பு உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அலுக்க அலுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். நான் கைக்கணக்காக வைத்திருப்பது, பத்து முறை செய்தால் ஏழெட்டு முறை சரியாக வரணும், இரண்டு மூன்று முறை தப்பணும். பத்தும் சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டிய நேரம்.

இப்போது அப்பாவின் சுடோகுவுக்கு வருவோம். வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்தவர், பத்து வருடமாக அதே விளையாட்டு. காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது பத்துக்குப் பத்து. சந்தோஷத்துக்குப் போடட்டும், தடுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் அது ஏற்கெனவே தார் போட்ட ரோடு. அதில் இன்னொரு முறை வண்டி போவதால் புது ரோடு வந்துவிடாது.

செயலி விஷயத்திலும் சிக்கல் இதுதான், கொஞ்சம் பெரிய அளவில். மூளை எதைப் பழக்குகிறோமோ அதில் தேறும், பக்கத்து விஷயத்துக்கு அந்தத் தேர்ச்சி அவ்வளவு சுலபமாகத் தாவாது. 2010இல் பிரிட்டனில் பிபிசியோடு சேர்ந்து நடந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தார்கள். செய்த விளையாட்டில் எல்லோரும் முன்னேறினார்கள், அதோடு மிக நெருக்கமான வேறு சோதனைகளில்கூட அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அமெரிக்காவில் 2016இல், இத்தகைய விளையாட்டு மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் சொன்னதாக வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டியது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். 65 வயது தாண்டிய 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆக்டிவ் என்ற ஆய்வில் மூன்று வகைப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் திரையில் தோன்றுவதை வேகமாகக் கண்டுபிடிக்கும் பயிற்சியின் பலன் பத்து வருடம் கழித்தும் அந்தத் திறனில் தங்கியிருந்தது. அந்தப் பிரிவினருக்கு மறதிநோய் குறைவாக வந்தது என்று 2017இல் ஒரு அலசல் வந்தது. ஆய்வு முதலில் அளக்கக் கிளம்பியது அதை இல்லை, மறதிநோய் என்று கணக்கெடுத்த முறையும் தளர்வானது. அதனால் அதை 'இருக்கலாம்' என்ற பெட்டியில்தான் நான் வைப்பேன். கட்டிய சந்தாவுக்கு அப்பா விளையாடட்டும், ஆனால் அதில் வாங்கும் மதிப்பெண் உயர்வதைப் பார்த்து அண்ணன் நிம்மதி அடைய வேண்டாம்.

லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் கதையைக் கேட்டிருப்பீர்கள். சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்றி, மூன்று நான்கு வருடம் படித்துத் தேர்வு எழுதினால்தான் அங்கே அந்த டாக்சி ஓட்ட உரிமம். எலினார் மக்வயர் என்ற ஆய்வாளர், அவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் பின்புறம் பெரிதாக இருப்பதை 2000இல் காட்டினார். இயல்பிலேயே பெரிதாக இருந்தவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்களோ என்ற சந்தேகம் இருந்தது. 2011இல் வெளியான ஆய்வில், ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். தேறிய 39 பேருக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஓட்டுநர்கள் ஒரு புதுப் படத்தைப் பார்த்துப் பிறகு நினைவிலிருந்து வரையும் சோதனையில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கினார்கள் என்பதை யாரும் பகிர்வதில்லை. தெரு பழகியவருக்குத் தெரு. நம் ஊர்ச் சதாவதானிகளும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டினார். அது அந்தக் கலைக்கென்றே பழக்கிய கவனம்.

அப்படியென்றால் எதைப் பழகுவது? எனக்குப் பிடித்த ஆய்வு டெனிஸ் பார்க் என்பவர் அமெரிக்காவில் செய்து 2014இல் வெளியிட்டது. 60 முதல் 90 வயது வரை 221 பேர். சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் கணினியில் படத்தைத் திருத்துவதும் கற்றுக்கொடுத்தார்கள், சிலருக்கு ஒட்டுத் துணி தைப்பது, சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். வேறு சிலர் கூடிப் பேசி, ஊர் சுற்றி, சமைத்துச் சந்தோஷமாக இருந்தார்கள், புதிதாக ஒன்றும் கற்கவில்லை. நினைவுச் சோதனையில் கற்றவர்கள், குறிப்பாகக் கேமரா கற்றவர்கள் முன்னேறினார்கள். வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் வாரத்துக்கு 15 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள், பத்து நிமிடச் செயலி இல்லை. வயதானவர்களுக்குப் பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பிடிக்கப் பழக்கிய ஜெர்மன் ஆய்விலும் மூன்று மாதத்தில் மூளைப் படத்தில் மாற்றம் தெரிந்தது, பயிற்சியை விட்டதும் அது திரும்பக் குறைந்தது.

மொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள், அப்பா இந்தி கற்றால் நல்லதா என்று. 2013இல் சுவர்ணா அல்லாடி குழு ஹைதராபாத்தில் மறதிநோய் வந்த 648 பேரைப் பார்த்தது. இரண்டு மொழியாவது பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் இருந்ததால், இதைப் படிப்பின் பலன் என்று தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அவர்கள் இரு மொழியோடு வாழ்ந்தவர்கள், 68 வயதில் தொடங்கியவர்கள் இல்லை. வேறு ஊர்களில் நடந்த சில ஆய்வுகள் இதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அப்பாவுக்கு ஆசை இருந்தால் கற்கட்டும். ஆசை இல்லாத மனிதரை இந்திப் புத்தகத்தோடு உட்கார வைத்தால் என் பிளாஸ்டிக் கூம்பு கதைதான்.

இந்தத் தாமதம் என்ற சொல் முக்கியம். 1980களின் கடைசியிலேயே, இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தபோது அல்சைமர் என்ற மறதிநோயின் அடையாளங்கள் நிறைய இருந்தும் உயிரோடு இருந்தவரை நன்றாகவே நடமாடிய சிலரைக் கண்டார்கள். சேமிப்பு உள்ள வீட்டில் ஒரு மாதச் சம்பளம் நின்றால் அடுப்பு அணையாது, அது மாதிரி. படிப்பு, வேலை, வாழ்நாள் பழக்கங்கள் எல்லாம் அந்தச் சேமிப்பில் சேரும் என்பது பரவலான கருத்து. இது நோயைத் தடுப்பது இல்லை, நோய் வெளியே தெரிவதைத் தள்ளிப்போடுவது. நாம் செய்வது எதுவும் உங்கள் அப்பாவுக்கு மறதிநோய் வராது என்று உறுதி தராது. அப்பாயிக்கு வந்ததால் அவருக்கு வாய்ப்பு ஓரளவு கூடுதல்தான், ஆனால் பெற்றவருக்கு வந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பது மிக அரிதான சில பரம்பரை வகைகளில்தான். அவை பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும்.

பெயர் மறப்பது பற்றி. நுனி நாக்கில் நின்று, அரை மணி கழித்துக் குளிக்கும்போது ஞாபகம் வந்தால் அது வயதின் இயல்பு, எனக்கே ஐம்பதில் தொடங்கிவிட்டது. கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தப்புவது, குணம் மாறுவது, இவையெல்லாம் வேறு. உங்கள் அப்பா விஷயத்தில் நான் பார்ப்பது கணக்கை. மளிகைக் கணக்கு, பாஸ்புக், மருந்துச் சீட்டு. கணக்கர் ஒருவர் கணக்கில் தடுமாறத் தொடங்கினால் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் நேரம் கேளுங்கள். தடுமாறாவிட்டாலும் ஒரு முறை பொது மருத்துவரிடம் காட்டி வைட்டமின் பி12, தைராய்டு பார்த்துவிடுங்கள், இரண்டும் குறைந்தால் மறதி வரும், சரி செய்யவும் முடியும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகள் மூளையை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரே பார்க்கட்டும். ஓய்வுக்குப் பின் வரும் மனச்சோர்வும் மறதி வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

உடம்பு பக்கம் உறுதியானது பிபி. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் மேல் அளவை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான நினைவுத் தடுமாற்றம் வருவது 19 சதவீதம் குறைந்தது, 2019இல் வந்த முடிவு. முழு மறதிநோயிலும் குறைவு தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அவ்வளவு தாழ்வாக வைப்பது எல்லோருக்கும் ஒத்துவராது, தலைசுற்றி விழுந்தால் வேறு கதை ஆகிவிடும், அளவை மருத்துவர் சொல்லட்டும். நடை பற்றி 2011இல் வந்த ஆய்வு புகழ் பெற்றது. 120 பேரில் பாதிப் பேர் வாரம் மூன்று நாள், ஒரு வேளைக்கு 40 நிமிடம், ஒரு வருடம் வேக நடை போனார்கள். ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்ததாகவும், வெறும் உடம்பை நீட்டி மடக்கியவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியதாகவும் வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை. மூளை வளர்கிறதோ இல்லையோ, நடப்பதால் பிபி, சுகர், தூக்கம் மூன்றும் சீராகும், பக்கவாதம் குறையும். எனக்கு வேலை குறைந்தாலும் பரவாயில்லை, நடக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காது. டிவி சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மொத்தக் கேள்வியிலும் அந்த வரிதான் உறுத்தியது. லான்செட் இதழின் குழு 2024இல், உலகில் மறதிநோயில் 45 சதவீதம் வரை 14 மாற்றக்கூடிய காரணங்களோடு சேர்ந்து வருவதாகச் சொன்னது. காது மந்தம் அதில் பெரிய பங்கு உள்ள காரணங்களில் ஒன்று. காது மெஷின் போட்டால் மறதிநோய் தடுக்கப்படுமா என்பது இன்னும் தீரவில்லை. 977 பேரை மூன்று வருடம் பார்த்த 2023 ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை, ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவில் மட்டும் மூளைத் திறன் சரிவது 48 சதவீதம் மெதுவானது. ஆனால் எனக்கு அந்தச் சதவீதம்கூட வேண்டாம். அறிமுகம் செய்யும்போது பெயர் காதில் சரியாக விழவே இல்லை என்றால், அவர் அதை மறக்கவில்லை, வாங்கவே இல்லை. காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்கிச் சுடோகுவோடு உட்கார்ந்துவிடுவார், வீட்டில் நாம் அதை 'அப்பா அமைதியாகிவிட்டார்' என்போம்.

அதனால் முதல் வேலையாகக் காதைப் பரிசோதியுங்கள். சில நேரம் வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கும். மெஷின் தேவைப்பட்டால், முதல் நாளே பழகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வருடக் கணக்கில் சத்தமே போகாத பாதையில் திடீரென்று எல்லாம் வந்து கொட்டும்போது மூளை அதைப் பிரித்துப் பழக வாரக் கணக்கில் ஆகும். இதுவும் கோலப்பொடி மாதிரிதான். என் அப்பா வாங்கிய மறுநாளே அதை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனார். மேளமும் பந்திச் சத்தமும் சேர்ந்து அடித்ததில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டவர், ஒன்றரை வருடம் அதை மேசை டிராயரிலேயே வைத்திருந்தார். உங்கள் அப்பாவை முதல் வாரம் வீட்டுக்குள், ஒரே ஒருவரோடு பேசும்போது மட்டும் போடச் சொல்லுங்கள். அப்புறம் மொட்டை மாடி, அப்புறம் தெருமுனை டீக்கடை. கல்யாண வீடு இரண்டு மாதம் கழித்து இருக்கட்டும்.